துர்க்மென் மொழி: எழுத்தில் தெரியாத நெடில், கிளைவழக்குகள், எங்கிருந்து தொடங்குவது

தாரை:
துர்க்மென் மொழி பற்றித் தமிழில் ஒரே இடத்தில் உருப்படியான விளக்கம் கிடைப்பதில்லை. அதனால் இந்த இழை. எனக்குத் துருக்கியம் (துருக்கி நாட்டு மொழி) ஓரளவு வாசிக்க வரும். அது துர்க்மெனுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? தேக்கே, யோமுத், எர்சாரி என்று வழக்குகளைப் பிரிக்கிறார்கள், படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? ஈராக்கில் கிர்க்கூக் பக்கம் பேசுவதும் இதே மொழிதானா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

கரகும்:
கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதில் தடுமாறினால் வேறு மொழியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஈராக்கின் கிர்க்கூக், தல் அஃபர் பகுதிகளிலும் சிரியாவிலும் துர்க்மென் எனப்படும் மக்களின் பேச்சு, அஸர்பைஜானியத்துக்கும் துருக்கியத்துக்கும்தான் நெருக்கம். பெயர் ஒன்றானாலும் மொழி வேறு. இணையத்தில் "துர்க்மென் பாடம்" என்று தேடிக் கிடைக்கும் காணொளி எந்த ஊர்க்காரருடையது என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இங்கே நாம் பேசுவது துர்க்மெனிஸ்தானின் ஆட்சிமொழியைப் பற்றி. அதே மொழி ஈரானில் குலிஸ்தான் மாகாணத்தின் கும்பத்-எ-காவூஸ், பந்தர் துர்க்மென் ஊர்களிலும் வடக்கு குராசானிலும் பேசப்படுகிறது. ஆப்கானிஸ்தானின் வடக்கே அந்த்கோய், அக்சா வட்டாரங்களில் உண்டு. உஸ்பெகிஸ்தானின் குவாரஸ்ம், கரகல்பக் பகுதிகளிலும், ரஷ்யாவின் ஸ்தாவ்ரபோலில் சிறு குழுவாகவும் உண்டு. துருக்கியம், அஸர்பைஜானியம், துர்க்மென் மூன்றும் துருக்கிய மொழிக்குடும்பத்தின் ஓகூஸ் கிளையில் வருபவை.

துருக்கியம் தெரிந்தவருக்கு வாக்கிய அமைப்பு பெரும்பாலும் பழகியதாகவே இருக்கும். இடறுவது ஒலியில். துருக்கியம் உதறிவிட்ட பகரத்தைத் துர்க்மென் வைத்திருக்கிறது. 'உண்டு' அங்கே வர், இங்கே பார். 'கொடு' அங்கே வெர், இங்கே பெர். 'ஆகு' அங்கே ஒல், இங்கே பொல். எழுத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையின் 'வை' துருக்கியத்தில் யகரம். துர்க்மெனில் மேலே சாய்கோடு போட்ட வை-தான் யகரம், கோடில்லாத வெறும் வை ஓர் உயிரெழுத்து. துருக்கியத்தில் புள்ளியில்லாத 'ஐ' எழுத்துக்குள்ள ஒலி அது. ஜகரத்துக்குத் துருக்கியம் 'சி' எழுத்தையும் துர்க்மென் 'ஜே' எழுத்தையும் எடுத்துக்கொண்டன. முதல் வாரத்திலேயே இந்த மூன்றையும் கை மாற்றிப் பழகவில்லை என்றால், வாசிக்கும் ஒவ்வொரு வரியும் தப்பாகவே மனதில் பதியும்.

ஒலிநாடா:
கரகும் ஐயா சொன்ன அந்த வெறும் வை எழுத்துக்கு உரிய ஒலி நமக்குப் புதிதல்ல. 'நாடு', 'பாட்டு' என்ற சொற்களின் கடைசியில் இதழ் குவியாமல் வருகிறதே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதுதான். நமக்கு அது சொல்லின் இறுதியில் வரும். துர்க்மெனில் முதல் அசையிலும் வரும், நீண்டும் ஒலிக்கும். மகளைக் குறிக்கும் 'குஸ்' என்ற சொல்லில் அது நெடில். உதட்டைக் குவித்து 'கூஸ்' என்றால் வேறு ஒலி ஆகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். துர்க்மெனில் குறில், நெடில் பொருளை மாற்றும். ஆனால் எழுத்தில் காட்டமாட்டார்கள். இன்றைய நெடுங்கணக்கில் 30 எழுத்துகள், அவற்றில் 9 உயிர். பேச்சில் உயிரொலிகள் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சில இணைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன் (க, த, ப மூன்றும் சொல் முதலில் வரும்போது கங்கை, தினம், பக்தி போலப் படியுங்கள்):

அத் குதிரை, ஆத் பெயர்.
ஒத் புல், ஓத் நெருப்பு.
தஷ் வெளி, தாஷ் கல்.
யஸ் எழுது, யாஸ் வசந்தம்.
பில் அறி, பீல் இடுப்பு.

துர்க்மென் எழுத்தில் ஒவ்வொரு இணையும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாய்மொழிக்காரருக்குச் சிக்கல் இல்லை. நமக்கு அகராதியைப் பார்த்தாலும் தெரியாது, பெரும்பாலான அகராதிகள் நீளத்தைக் குறிப்பதில்லை. எழுத்திலேயே தெரியும் விலக்குகள் இரண்டு. இதழ் குவித்துச் சொல்லும் 'இ' (இரு புள்ளி போட்ட 'யு' எழுத்து) நீளும்போது பின்னால் ஒரு யகரம் சேர்த்து எழுதுவார்கள், பால் என்னும் சொல்லில் அப்படித்தான். இரு புள்ளி போட்ட 'ஏ' எழுத்து அநேகமாக எப்போதும் நெடில்தான்.

இந்த நீளம் பழந்துருக்கிய மூலமொழியிலிருந்தே வருவது. சைபீரியாவின் சாகா மொழியும் ஈரானின் கலாஜும் இதைக் காத்து வைத்திருக்கின்றன. துருக்கியத்தில் நீளம் போய்விட்டது, தடம் மட்டும் மிச்சம். பெயர் என்பது அங்கே மெல்லிய தகரத்தில் முடியும், குதிரை வல்லொலியில் முடியும். தாரை, உங்களுக்குத் துருக்கியம் தெரியும் என்பதால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

தாரை:
அகராதியிலும் இல்லை, எழுத்திலும் இல்லை என்றால், வாசிக்கும்போது நெடில் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

ஒலிநாடா:
முழு வழி இல்லை, ஆனால் நல்ல பாதி வழி உண்டு. ஓரசைப் பெயர்ச்சொல்லாக இருந்தால் உயிரில் தொடங்கும் விகுதியைச் சேர்த்துப் பாருங்கள். நெடிலுக்குப் பின் வரும் வல்லினம் மெலியும், குறிலுக்குப் பின் மெலியாது. 'என் பெயர்' ஆதும், 'என் குதிரை' அத்தும். தமிழ் எழுத்தில் தனித் தகரமும் இரட்டைத் தகரமும் காட்டும் அதே வேறுபாடு. துர்க்மென் எழுத்திலும் இங்கே ஒன்றில் 'டி' எழுத்தும் மற்றதில் அதன் வல்லொலி எழுத்தும் வந்துவிடும். நெருப்பும் புல்லும் அப்படியே: அதன் நெருப்பு ஓது, அதன் புல் ஒத்து. வெள்ளை என்னும் ஆக் நெடில், விகுதி ஏறினால் ககரம் மெலியும். அம்பு என்னும் ஒக் குறில், ககரம் வல்லொலியாகவே நிற்கும்.

வினைச்சொற்களுக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள். 'போ' என்னும் கித், 'செய்' என்னும் எத் இரண்டிலும் உயிர் குறில்தான், ஆனாலும் தகரம் மெலிந்துவிடும்.

ஆகவே என் யோசனை: புதுச்சொல் குறிக்கும் நோட்டில் துர்க்மென் எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்திலும் எழுதி வையுங்கள். நெடிலை மறைக்க நம் எழுத்துக்குத் தெரியாது. துருக்கிய, ரஷ்ய வழிப் பாடநூல்களில் கிடைக்காத வசதி இது.

நெய்தல்:
ஒலிநாடா, இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. உதட்டைக் குவித்து எகரமும் இகரமும் சொல்லும் இரண்டு உயிர்களுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. வீடு, கண், மூன்று, சொல் என்று அன்றாடச் சொற்களிலெல்லாம் அவை வருகின்றன. தமிழில் எழுதினால் 'ஒய்' என்றும் 'உச்' என்றும் எழுதிவிட்டு அப்படியே படித்துப் பழகிவிடுவார்கள். உயிரிசைவு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. சொல்லின் உயிர் முன்னுயிரா பின்னுயிரா (நாக்கின் முன்பக்கம் எழுந்து ஒலிப்பதா, பின்பக்கம் எழுந்து ஒலிப்பதா) என்பதைப் பார்த்துத்தான் பன்மைக்கு லர் போடுவதா லெர் போடுவதா என்றே முடிவாகும். குதிரைகள் அத்லர், ஆனால் வீட்டுக்கு லெர். முதல் உயிரைத் தவறாகப் பிடித்தால் அதன்பின் சேரும் எல்லா விகுதியும் தவறும். ஸகரமும் அப்படித்தான். பெரும்பாலான வழக்குகளிலும் பொதுமொழியிலும் அது நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்துச் சொல்லும் ஒலி. அதன் மெல்லிணை 'அது' என்பதில் வரும் தகரத்துக்குப் பக்கத்தில் வரும். பஷ்கீர் மொழியிலும் இவை உண்டு. 'ஸ' என்று எழுதினால் யாருக்கு இது தெரியப்போகிறது?

ஒலிநாடா:
நியாயமான மறுப்பு. தமிழ் எழுத்தை முழுப் பெயர்ப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, நீளத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குவிந்த முன்னுயிர் வரும் இடத்தில் துர்க்மென் எழுத்தையே வைத்து, நெடிலானால் மேலே ஒரு கோடு போடுங்கள். அ, எ, இ, ஒ, உ வரும் சொற்களுக்குத் தமிழ் போதும். ஸகரத்துக்கு ஒருமுறை விதியை மனதில் ஏற்றினால் தீர்ந்தது, சொல்லுக்குச் சொல் மாறுவதில்லை. நீளம்தான் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. எனவே சொல்லுக்குச் சொல் குறித்தாக வேண்டியதும் அதுதான்.

ஒரு சேர்க்கை. நான்காம் வேற்றுமையே நீளத்தில் ஒளிந்திருக்கும் இடம் உண்டு. கிராமம் 'ஒப', கிராமத்துக்கு 'ஒபா'. எழுத்தில் இரண்டும் ஒன்றே! 'நான் கிராமத்துக்குப் போகிறேன்' என்ற வாக்கியத்தைப் பார்த்துவிட்டு விகுதி எங்கே என்று தேடாத மாணவர் இல்லை. எகரத்தில் முடியும் சொல்லானால் எழுத்திலும் தெரியும்: கிண்ணம் 'கேஸெ', கிண்ணத்துக்கு 'கேஸே' (இங்கே க வல்லொலி).

மொழிமுடிச்சு:
வழக்குகள் பற்றி. துர்க்மென் வழக்குகள் நிலப்பகுதியின் பெயரைவிடக் குடிகளின் பெயரால்தான் அறியப்படுகின்றன. இருந்தாலும் எங்கே யார் என்று தோராயமாகச் சொல்லலாம். தேக்கே: அஷ்காபாத்தைச் சுற்றிய அஹல், மற்றும் மரி. யோமுத்: மேற்கே பல்கன், வடக்கே தஷோகுஸ், எல்லை தாண்டி ஈரானில் பந்தர் துர்க்மென் பக்கம். எர்சாரி: அமு தரியாவை ஒட்டிய லெபாப், அப்புறம் ஆப்கானிஸ்தான். சாருக்: மரி மாகாணத்தின் தெற்கே யோலோதென், தக்தபஸார். சாலுர்: சரக்ஸ். கோக்லென்: ஈரானின் குலிஸ்தானின் கிழக்குப் பக்கமும் எல்லைக்கு இப்பாலுள்ள மலையடிவாரமும். சவுதுர்: தஷோகுஸ். ஸ்தாவ்ரபோலுக்குப் போனவர்களிலும் சவுதுர்கள் உண்டு. அவர்கள் காஸ்பியன் கரையின் மங்கிஷ்லாக்கிலிருந்து பெயர்ந்தவர்கள், நொகாய் மொழியின் சாயல் ஏறியிருக்கிறது.

பொதுமொழி தேக்கேயை அடியாகக் கொண்டு சோவியத் காலத்தில் அமைந்தது, யோமுத் கூறுகளும் கலந்தவை. மேலே சொன்ன குடிகள் ஒருவர் பேச்சை இன்னொருவர் சிரமமின்றிப் புரிந்துகொள்வார்கள். தனித்து நிற்பவை கோபெத் மலையடிவாரத்து நோஹுர், ஆனெவ், ஹஸார்லி போன்ற சிறு வழக்குகளும் லெபாப் பக்கத்து நெரெஸிமும். நெய்தல் சொன்ன பல்லிடை ஒலி இவற்றில் இல்லை, சாதாரண ஸகரம்தான். இலக்கண நூல்கள் வழக்குகளை இரண்டாகப் பிரிக்க முதலில் பார்ப்பது இதைத்தான்.

கிளைக்குக் கிளை அதிகம் மாறும் இடம் நிகழ்கால விகுதி. நூலில் 'வருகிறேன், வருகிறாய், வருகிறான்' என்பவை கெல்யேரின், கெல்யேர்ஸிங், கெல்யேர். அஷ்காபாத் தெருவில் கேட்பது கெல்யேன், கெல்யேங், கெல்யே. நாம் வருகிறேனை வர்றேன் ஆக்குவதுபோல ரகரம் விழுந்துவிடுகிறது. நூல்வடிவை மட்டும் படித்தவர் பேச்சைக் கேட்டால் முதல் நாளே திகைப்பது இங்கேதான், ஆகவே இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் படியுங்கள். அந்த 'ங்' பற்றி ஓர் எச்சரிக்கை: பின்னால் ககரம் ஒட்டாமல், மூக்கொலியோடு நிறுத்த வேண்டும். 'அங்கே' என்று சொல்லிப் பழகிய நாக்கு தானாகவே ககரத்தைச் சேர்க்கும். 'இங்ஙனம்' என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

தாரை, எதைப் படிப்பது என்றால் என் பதில் பொதுமொழிதான். ஆனால் உங்கள் நோக்கம் ஈரானிய அல்லது ஆப்கானியத் துர்க்மென்களோடு பேசுவதென்றால் கூடுதல் வேலை இரண்டு. அங்கே எழுதுவது பாரசீக-அரபு எழுத்தில். கடன்சொற்களும் வேறு. துர்க்மெனிஸ்தானில் பல்கலைக்கழகம் உனிவெர்ஸிதெத், ஈரானில் பாரசீகத்தின் தானிஷ்காஹ். ரயிலுக்கு அஷ்காபாத்தில் ஓத்லி, 'நெருப்புடையது' என்று பொருள், அதே ஓத்-தான். ஈரானில் பாரசீகக் கதார். ஆப்கானிஸ்தானின் 2004 அரசியலமைப்பு, துர்க்மென் பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள வட்டாரங்களில் அதை மூன்றாவது ஆட்சிமொழியாக ஏற்றிருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன், 2021-இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்தபின் அந்த அரசியலமைப்பு நடைமுறையில் இல்லை.

சுவடிக்கட்டு:
பழைய ஆவணம், செய்தித்தாள் வாசிக்க வருபவர்களுக்கு எழுத்து மாற்றங்களைச் சொல்கிறேன். 1920-களின் இறுதிவரை அரபு எழுத்து. பிறகு 1940 வரை இலத்தீன். 1940 முதல் சிரிலிக். விடுதலைக்குப் பின் 1993 ஏப்ரல் 12 அன்று மீண்டும் இலத்தீன் என முடிவாயிற்று. அந்த முதல் வடிவில் சில ஒலிகளுக்கு டாலர், யென், பவுண்டு குறிகளையே எழுத்தாக வைத்திருந்தார்கள்! சில ஆண்டுகளில் அவற்றைக் களைந்து இன்றைய வடிவுக்கு வந்தார்கள். 1990-களின் நடுவில் அச்சான தாளில் சொல்லுக்கு நடுவே காசுக்குறி தெரிந்தால் அச்சுப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

சிரிலிக்கை நிரலால் இலத்தீனாக்குபவர்கள் ஓரெழுத்துக்கு ஓரெழுத்து என்று மாற்றினால் கெடும். சிரிலிக்கின் 'யெ' எழுத்து சொல் முதலில் யகரமும் எகரமுமாக இரண்டெழுத்து ஆக வேண்டும், மெய்க்குப் பின் எகரம் மட்டும். ஏழு என்னும் எண் முதல் வகை, 'வா' என்னும் கெல் இரண்டாம் வகை. சொல் முதலில் வெறும் எகரம் வேண்டுமிடத்தில் சிரிலிக்கில் வேறெழுத்து இருக்கும், 'கை' என்னும் எல் அப்படி. யா, யு, யோ எழுத்துகளும் இரண்டிரண்டாகப் பிரிய வேண்டும். இந்த விதிகளை ஒற்றையெழுத்து மாற்றத்துக்கு முன்னால் ஓட்டுங்கள், பின்னால் ஓட்டினால் பயனில்லை.

தேதியிலும் ஒரு சிக்கல். 2002-இல் மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் புதுப் பெயர் வைத்து, 2008-இல் பழைய பெயர்களுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத் தாள்களில் ஜனவரி துர்க்மென்பாஷி, ஏப்ரல் குர்பன்ஸொல்தான், செப்டம்பர் ரூஹ்நாமா. திங்கள் பஷ்குன், வெள்ளி அன்னகுன். இன்று திங்கள் துஷென்பெ, வெள்ளி அன்ன.

நெய்தல்:
வினையைப் பற்றி யாரும் எழுதவில்லை, தமிழருக்கு மிகவும் இலகுவான பகுதி அதுதான். நம் 'செய்து' போன்ற வினையெச்சத்துக்கு அங்கே பகரத்தில் முடியும் எச்சம் உண்டு, அதன்மேல் துணைவினை ஏறும். துணைவினைகளும் நம்முடையவை போலவே பொருள் தருகின்றன. யஸுப் அல்: எழுதிக்கொள், 'அல்' என்றால் எடு. அலுப் பெர்: எடுத்துக்கொடு. 'படித்துப் பார்' என்பதற்கு ஒகாப் என்னும் எச்சத்தின் பின் நம் 'பார்' என்பதன் பொருள்கொண்ட வினையே வரும். தமிழில் யோசித்துச் சொன்னாலே பாதி சரியாக அமைந்துவிடும்.

வேறுபடும் இடங்களும் உண்டு. 'படித்துக்கொண்டிருக்கிறான்' என்பதற்கு நமக்கு ஒரே 'இரு'. அங்கே உட்கார்ந்தா, நின்றா, படுத்தா, நடமாடியா என்று பார்த்து நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உட்கார்ந்து படிக்கிறவன் ஒகாப் ஒதுர். எதிர்காலத்தில் ஜக், ஜெக் விகுதிக்குப் பின் ஆளைக் காட்டும் விகுதி வராது. மென் கெல்ஜெக், ஸென் கெல்ஜெக், ஒல் கெல்ஜெக்: நான் வருவேன், நீ வருவாய், அவன் வருவான். நாம் பழக்கத்தில் நானையும் நீயையும் விட்டுவிடுவோம். அங்கே விட்டால் யார் வருவார் என்றே தெரியாது. நிகழ்கால எதிர்மறைக்குத் தனி வடிவம்: கெலெமோக், கெலெஙோக், கெலெனோக், கடைசியில் 'இல்லை' என்னும் யோக் ஒட்டிக்கிடக்கிறது. 'தெரியாது' என்று சொல்ல பிலெமோக், முதல் நாளே உதவும் சொல்.

கெல்தி என்றால் வந்தான், கண்ணால் கண்டது. கெலிப்திர் என்றால் வந்திருக்கிறான், பிறர் சொல்லியோ தடயம் பார்த்தோ அறிந்தது. செய்தி சொல்லும்போது இவ்விரண்டையும் மாற்றிப் போட்டால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதாகிவிடும்.

வேங்கை:
இத்தனை ஒற்றுமை இருக்கிறதே, தமிழும் துர்க்மெனும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்லலாமா?

மொழிமுடிச்சு:
சொல்ல முடியாது, நண்பரே. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளைச் 'சிதிய' மொழிகளோடு இணைக்கப் பார்த்தார், துருக்கிய மொழிகளும் அந்த வலைக்குள் வந்தன. பின்வந்த ஆய்வு அதை ஏற்கவில்லை. விகுதி அடுக்குவது, வினை கடைசியில் வருவது, எச்சத்தின்மேல் துணைவினை ஏறுவது எல்லாம் ஆசியாவில் பரந்து கிடக்கும் அமைப்புகள், ஜப்பானியத்திலும் உண்டு. உறவு காட்ட அடிச்சொற்களில் ஒழுங்கான ஒலிப்பொருத்தம் வேண்டும். தலை பஷ், கை எல், நீர் ஸுவ், ஒன்று பிர், இரண்டு இகி. இங்கே ஒன்றும் பொருந்தவில்லை.

ஆனால் உண்மையான இணைப்பு ஒன்று உண்டு, அது கடன் வழியாக. பாரசீகமும் அரபும் இரு பக்கமும் சொல் கொடுத்திருக்கின்றன. துர்க்மெனின் தய்யார் நம் தயார். மெய்தான் நம் மைதானம். ஷெர்த் நம் ஷரத்து. காகுஸ் நம் காகிதம். இவற்றை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கரகும்:
தாரை, வரிசையாகச் செய்ய விரும்பினால் இப்படி. முதலில் 30 எழுத்துகளும் ஒலியும், குறிப்பாக இரண்டு வை எழுத்துகள். அடுத்து நீளம் மாறும் இணைகளைத் தாய்மொழிக்காரர் குரலில் கேட்டு, பார்க்காமல் எது எது என்று சொல்லிப் பழகுங்கள். அதன்பின் ஆறு வேற்றுமைகளும் இரண்டே சொற்களில், ஒன்று முன்னுயிர், ஒன்று பின்னுயிர். உங்கள் துருக்கியம் இங்கே வேகம் கொடுக்கும். பிறகுதான் வினை, எதிர்மறை வடிவத்தோடு சேர்த்தே.

துருக்கியத்தில் 'ஹவா' என்றால் காற்று. துர்க்மெனில் 'ஹவ' என்றால் ஆமாம், காற்றுக்கு 'ஹொவ'. கேள்வி கேட்டவுடன் அவர் வானிலையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், ஒப்புக்கொள்கிறார்.

தாரை:
அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கைபேசியில் அந்த ஙகர எழுத்தைத் தட்டும்போது மேலே அலைக்குறி போட்ட ஸ்பானிய எழுத்துதான் வருகிறது. அதுவே போதுமா?

சுவடிக்கட்டு:
போதாது. இன்றைய துர்க்மெனில் ஙகரத்துக்கு மேலே இருப்பது சிறு கொக்கி, செக் மொழியின் எழுத்து அதுவே. அலைக்குறி எழுத்தைப் போட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடலில் சொல் அகப்படாது, அகராதிச் செயலியும் காட்டாது. கைபேசி அமைப்பில் துர்க்மென் விசைப்பலகை இருந்தால் அதைச் சேருங்கள், இல்லையென்றால் செக் விசைப்பலகையில் அந்த எழுத்தை அழுத்திப் பிடியுங்கள். சாய்கோடு போட்ட வை-யும் கொக்கி போட்ட ஸெட்டும் அதிலேயே கிடைக்கும். இரு புள்ளி எழுத்துகள் மூன்றுக்கும் ஜெர்மன் விசைப்பலகை போதும். வால் வைத்த 'சி'-யும் 'எஸ்'-ஸும் துருக்கிய விசைப்பலகையில் உண்டு, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.